தூரக் கால் மட்டும் ஏன் மடிந்தது? அட்டைக் கோப்பு உற்பத்தி வரிசை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காலை எட்டு மணிக்கு ஓட்டத் தொடங்கினால் பதினொரு மணிவரை நின்று நின்றுதான் ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே இயந்திரம், அதே ஆட்கள், அதே அட்டை. ஒரு தடங்கலும் இருக்காது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் ஓடிய கோப்பு உற்பத்தி வரிசையின் கதை இது. பல மாதங்கள் இரும்பின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றவாளி 40 மி.மீ. அகல அட்டைத் துண்டு.

பொருள்

ஏ4 தாளுக்கான சாதாரண அலுவலகக் கோப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மணிலா அட்டை, தடிமன் 0.4 மி.மீ. விரித்தால் 310 × 500 மி.மீ.: முன்னட்டை 240, முதுகு 20, பின்னட்டை 240. பின்னட்டையின் உட்புறம், முதுகு மடிப்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி, 300 × 40 மி.மீ. பட்டை ஒன்று ஒட்டப்படும். அந்தப் பட்டையில் இரண்டு வெட்டுத் துளைகள். தாள்களைக் கோத்துப் பிடிக்கும் 'ப' வடிவத் தகரப் பிடிப்பானின் இரு கால்களும் அவற்றின் வழியே வெளியே வரும். அடித்தகடு பட்டைக்கும் அட்டைக்கும் இடையில் மறைந்துகொள்ளும். கோப்பின் பின்புறத்தில் உலோகம் தெரியாது, மேசையைக் கீறாது, தனியாகக் கழன்றும் வராது.

கால்களுக்கு இடையே 80 மி.மீ. இது மாற்ற முடியாத எண். ஐ.எஸ்.ஓ. 838 என்ற பன்னாட்டுத் தரப்படி தாளில் குத்தும் துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ., கூடக்குறைய அரை மி.மீ. துளை விட்டம் 6, தாளோரத்திலிருந்து மையம் 12 மி.மீ. சிங்கப்பூர் அலுவலகங்களில் இருக்கும் துளைக்கருவிகள் இதற்கு ஏற்றவை. அமெரிக்க வழக்கப் பிடிப்பான்கள் இரண்டே முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 70 மி.மீ. விலை மலிவு என்று அந்தப் பெட்டியை வரவழைத்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

பிடிப்பான் 0.3 மி.மீ. தகரம், அகலம் 5. அடி 80, கால் ஒவ்வொன்றும் 50. ஆக ஒன்றுக்கு 180 மி.மீ. தகரம், எடை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். பட்டையிலுள்ள வெட்டுத் துளை 6 × 1.2 மி.மீ. இதில் 6 என்பது காலின் அகலத்துக்கான பக்கம். 1.2 என்பது தடிமனுக்கான பக்கம். அது பட்டையின் நீளவாக்கில் அமைகிறது. கால் நடுவில் இறங்கினால் இருபுறமும் 0.45 மி.மீ. இடைவெளி. இந்த 0.45-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை

முன்பு பிடிப்பானைக் கையால்தான் கோத்தார்கள். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கடினமானது. வெளிநாட்டு ஊழியர்களுக்கான உச்சவரம்பும் (கோட்டா), அவர்களுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையும் (லெவி) சேர்ந்தால் ஒரு கோப்பின் விலையில் அந்தக் கைவேலையே பெரும்பங்கு. ஆகவே கோக்கும் நிலையம் இயந்திரமானது.

வளைத்து முடித்த 'ப' துண்டுகளை அதிர்வுக் கிண்ணத்தில் கொட்டி ஊட்டுவதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி. அது வேலைக்கு ஆகாது. ஒன்றின் கால் இன்னொன்றின் வயிற்றில் நுழைந்து, கிண்ணத்தில் முள்செடி போலப் பின்னிக்கொள்ளும். அதனால் தகரச் சுருளையே நேராக வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். நேராக்கும் உருளைகளைத் தாண்டி, 180 மி.மீ. வெட்டு, இருபுறமும் வளைப்பு, உடனே கீழ்நோக்கி இறக்கம். பட்டை கீழே கிடக்கும். அதன் ஒரு முனையை நிறுத்துக்கட்டை பிடித்திருக்கும். அந்தக் கட்டைக்கு அருகில் இறங்கும் கால் கிட்டக் கால், அப்பால் இறங்குவது தூரக் கால். கால்கள் துளை வழியே கீழே வந்ததும் இரண்டு ஒளியிழை உணரிகள் பார்க்கும். இரண்டும் வந்தால் கால்கள் வெளிப்பக்கமாக மடிக்கப்பட்டு, பட்டையின் மேல்முகத்தில் பசை வைக்கப்பட்டு, அட்டை அதன்மேல் அமர்த்தப்படும். ஒன்று வரவில்லை என்றாலும் வரிசை நிற்கும்.

வடிவமைப்பு வேகம் நிமிடத்துக்கு 40. ஏழு மணி நேர ஓட்டத்தில் 16,800 கோப்புகள்; தகரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், எடை 36 கிலோவுக்குள். அட்டையை மடிப்பதும் ஒட்டுவதும் இதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கக்கூடியவை. வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பது கோக்கும் நிலையம் மட்டுமே. ஓர் அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட ஒன்றரை நிமிடம் ஆனால் 60 கோப்புகள் போச்சு. காலையில் இருபது முறை நின்றால் 1,200.

மற்ற நிலையங்களில் சொல்ல அதிகம் இல்லை. முதுகு மடிப்புக்கோட்டுக்கு வழக்கமான கணக்கு: கோட்டுத் தகடு அட்டையை அழுத்தி இறக்கும் எதிர்ப்பள்ளத்தின் அகலம், அட்டைத் தடிமனின் ஒன்றரை மடங்கும் கோட்டுத் தகட்டின் தடிமனும் சேர்ந்தது. 0.4-க்கு 0.6, அதோடு 0.71 மி.மீ. தகடு, 1.3 மி.மீ. பள்ளம் போதும். அடுக்கும்போது மட்டும் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. மூடிய கோப்பின் திறந்த ஓரத்தில் தடிமன் 0.8 மி.மீ.; பிடிப்பான் பக்கம் பட்டையும் இரண்டு தகர அடுக்கும் சேர்ந்து 1.8 மி.மீ. ஐம்பதை ஒரே பக்கமாக அடுக்கினால் ஒருபுறம் 90, மறுபுறம் 40 மி.மீ. கட்டு சரிந்துவிடும். பத்துக்கு ஒருமுறை திருப்பி வைப்பது இதற்காகத்தான்.

சந்தேகங்கள்

காலையில் தகராறு, மதியம் சரி. இப்படிக் கேட்டால் இயந்திரம் தெரிந்த எவரும் முதலில் சொல்வது, "சூடேறட்டும்." எண்ணெய் குளிர்ந்திருக்கிறது, தாங்கிகள் இறுகியிருக்கின்றன, காற்றழுத்தக் குழாயில் இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. எல்லாமே நடக்கக்கூடியவைதான். காற்று உலர்த்தியைச் சுத்தம் செய்தார்கள், வடிகட்டி மாற்றினார்கள். இயந்திரத்தை அட்டையில்லாமல் அரை மணி நேரம் வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். பலன் இல்லை.

அடுத்த சந்தேகம் வளைப்பு அச்சின்மேல். தகரத்தை 90 பாகைக்கு வளைத்தால் அது சற்றுத் திரும்பி விரியும். ஆகவே கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதில்தான் தினமும் கைவைத்தார்கள்.

"அண்ணே, மறுபடியும் தூரக் கால்தான்."

"வளைவைக் கொஞ்சம் விட்டுப் பாரு தம்பி. மத்தியானம் மறக்காம இறுக்கிடு."

காலையில் இரண்டு மூன்று தடவை கேட்கும் உரையாடல் இது. விட்டால் ஓடவும் செய்தது. ஏன் என்பது எளிய கணக்கு: 50 மி.மீ. நீளக் காலில் ஒரு பாகை மாறினால் நுனி 0.87 மி.மீ. நகரும். அரைப் பாகையே 0.44. ஆனால் மதியம் இறுக்க மறந்த நாள்களில் புதுவிதமான அடைப்பு வந்தது. அதற்குச் சுருளின் தரம் சரியில்லை என்று வேறொரு காரணம் சொல்லப்பட்டது. ஒரே நோய்க்கு இரண்டு மருந்துச்சீட்டு.

திருப்பம் மலிவான ஒரு ஏற்பாட்டில் வந்தது. வரிசையின் ஓரத்தில் இரண்டு மைலோ டின்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் 'கிட்டக் கால்', மற்றதில் 'தூரக் கால்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.  அடைத்த பிடிப்பானை எடுத்ததும், எந்தக் கால் மடிந்திருக்கிறதோ அந்த டின்னில் நேரம் எழுதிய சீட்டோடு போட வேண்டும். ஒரு வாரத்தில் தூரக் கால் டின் நிறைந்து வழிந்தது. கிட்டக் கால் டின்னில் அடி மட்டும் மூடியிருந்தது. தூரக் கால் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: காலை நேரச் சீட்டு உள்ளவை எல்லாம் ஒரே மாதிரி மடிந்திருந்தன. நுனி, துளையின் உள்விளிம்பில், அதாவது நிறுத்துக்கட்டைப் பக்க விளிம்பில் இடித்திருந்தது. தகரம் மோசமாக இருந்தால் இரு கால்களும் மடியும். வளைப்பு தளர்ந்திருந்தால் நுனி வெளிவிளிம்பில் இடிக்கும். இங்கே இரண்டும் இல்லை. துளைதான் அப்பால் போயிருக்கிறது.

சீட்டுகளில் இருந்த நேரம் மிச்சச் சந்தேகத்தையும் தீர்த்தது. பிற்பகல் மூன்று மணிச் சீட்டுகள் சில இருந்தன. அவையும் அதே உள்விளிம்பு இடிப்பு. அன்றைக்கெல்லாம் நல்ல மழை. ஏழு மணி நேரம் ஓடிய இயந்திரத்துக்குக் குளிர் ஏது?

அட்டையின் போக்கு

காகிதம் செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுக்கும். அதைத்தான் கூடத்தில் கிரெய்ன் என்கிறார்கள். ஈரம் பட்டால் இழை நீளத்தில் அவ்வளவு வளராது, பருமனில் வீங்கும். ஆகவே அட்டை கிரெய்னுக்குக் குறுக்காக நீள்வது, கிரெய்ன் வாக்கில் நீள்வதைப்போலப் பல மடங்கு.

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். பட்டைகள் வெட்டப்பட்டது வேறொரு கட்டடத்தில், குளிர்சாதனம் ஓடும் டை அறையில்; டை என்பது அட்டையை வடிவமாக வெட்டும் கத்தி அச்சு. வந்தவை திறந்த கூடைகளில் இரவு முழுக்கக் கூடத்தில் கிடந்தன. பெரிய அட்டைகள் சரக்குப் பலகையான பாலேட்டில் உயரமாக அடுக்கியிருக்கும்போது ஓரங்கள் மட்டுமே ஈரம் குடிக்கும். 40 மி.மீ. பட்டைக்கோ கிட்டத்தட்ட முழுதும் ஓரம்தான். காலைக்குள் நிறைந்துவிடும்.

ஒரே பட்டையைக் காலையிலும் மதியமும் வெர்னியர் அளவுகோலில் அளந்தார்கள். காலையில் ஏறத்தாழ 0.9 மி.மீ. நீளம் கூடுதல். அதாவது 0.3 சதவீதம். துளைகள் நிறுத்துக்கட்டையிலிருந்து 110, 190 மி.மீ. தொலைவில் உள்ளவை. 110-இல் 0.3 சதவீதம் 0.33, கிட்டக் கால் 0.45 இடைவெளிக்குள் தப்பிவிடுகிறது. 190-இல் 0.57, தூரக் கால் விளிம்பில் ஏறுகிறது. தகரம் நீளாது, அது எப்போதும் 80. அட்டை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

இந்த அளவுக்கு நீண்டது என்றாலே ஒன்று உறுதி: பட்டையின் நீளம் கிரெய்னுக்குக் குறுக்கே இருக்கிறது. சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரே தாளிலிருந்து 15 மி.மீ. அகலத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு நாடாக்கள் வெட்டி, ஒன்றாகச் சேர்த்து ஒரு முனையில் பிடித்தால், தொங்கித் தழைவது குறுக்கு கிரெய்ன். பட்டையிலிருந்து நீளவாக்கில் எடுத்த நாடா வாழை நார் போலத் தொங்கியது.

வாடிக்கையாளர் தரப்பில் தனியாக ஒரு புகார் இருந்தது: கோப்பு மேசையில் படியவில்லை, பின்னட்டையின் மேல்முனையும் கீழ்முனையும் உள்நோக்கி எழுந்து நிற்கின்றன. அதைப் பசையின் குற்றம் என்று தனிக் கோப்பில் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான். அட்டையின் கிரெய்ன் முதுகுவாக்கில், பட்டையின் கிரெய்ன் அதற்குக் குறுக்கே. காலை ஈரத்தில் நீண்டிருந்த பட்டையை ஒட்டிவிட்டு, குளிர்சாதன அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தால், பட்டை நீளவாக்கில் 0.9 மி.மீ. சுருங்கப் பார்க்கும். அட்டை அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. உட்புறம் இழுக்கிறது, முனைகள் எழுகின்றன. தண்ணீர் கலந்த வினைல் பசை இதைக் கூட்டியது உண்மை. சூட்டுப்பசைக்கு மாறியிருந்தால் இந்தப் புகார் ஓரளவு அடங்கியிருக்கும். அடைப்பு அப்படியே இருந்திருக்கும், காரணமும் இன்னும் ஆழத்தில் புதைந்திருக்கும்.

குறுக்கே வந்தது எப்படி

இதில் யாரும் தூங்கிவிடவில்லை. தாள் 1092 × 787 மி.மீ., கிரெய்ன் 787 பக்கம். கோப்பின் 310 பக்கத்தை 787 வாக்கில் இரண்டும், 500 பக்கத்தை 1092 வாக்கில் இரண்டும் வைத்தால் தாளுக்கு நான்கு அட்டை. மிச்சம்: ஓரமாக 167 மி.மீ. அகலத்தில் நீண்ட கழிவு, பக்கவாட்டில் 92 மி.மீ. அகலக் கழிவு. நான்கு அட்டைக்கு நான்கு பட்டை வேண்டும். 167 மி.மீ. கழிவில், இயந்திரம் தாளைப் பற்றும் ஓரத்தை விட்டாலும், 300 மி.மீ. பட்டைகள் மூன்று மூன்றாக மூன்று வரிசை, ஒன்பது தாராளமாக அடங்கும். டை செய்பவர் அங்கேதான் வைத்தார். எவரும் அங்கேதான் வைப்பார். கழிவிலிருந்து பட்டை, கூடவே உபரி. ஆனால் அங்கே பட்டை 1092 வாக்கில் படுக்கிறது, கிரெய்னுக்குக் குறுக்கே.

கையால் கோத்த காலத்திலும் இதே டைதான். அப்போதும் காலையில் துளைகள் அரை மி.மீ. நகர்ந்தே இருந்தன. விரல் அதைக் கவனிக்காது. பிடிப்பானின் கால்களை லேசாக விரித்து நுழைத்துவிடும். முனை எழுந்த புகார் அப்போதும் வந்திருக்கும், அதிகம் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். கைக்காலத்து டையை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்ததுதான் தவறு. வரிசையை வாங்கும்போது அட்டையின் தடிமன், கிராம், அளவு எல்லாம் விவரக்குறிப்பில் எழுதப்பட்டன. பட்டையின் கிரெய்ன் என்று ஒரு கட்டமே அதில் இல்லை.

மாற்றங்கள்

பக்கவாட்டு 92 மி.மீ. கழிவில் பட்டையைக் கிரெய்ன் வாக்கில் நிறுத்தலாம்: 300 + 300, அட்டைகளின் 620 உயரத்துக்குள் அடங்கும். ஆனால் இரண்டு 40 மி.மீ. பட்டைகள் பக்கம் பக்கமாக 80 எடுத்துக்கொண்டால் மொத்தம் 12 மி.மீ. மட்டுமே மிஞ்சும், வெட்டியபின் கழிவை உதிர்க்கும்போது அந்த மெல்லிய ஓரம் கிழிந்து வரிசையில் சிக்கும். பட்டையின் அகலம் 36 ஆகக் குறைக்கப்பட்டது. 72 போக 20 மி.மீ. கிடைத்தது. துளை நடுவில், 18-இல். அதன் இருபுறமும் பசைக்கு 15 மி.மீ. இருக்கிறது, தாராளம். தாளின் எண்ணிக்கை கூடவில்லை. செலவு ஒரு புது மர டை மட்டுமே.

இரண்டாவது மாற்றம் நிறுத்துக்கட்டையில். முனையை வைத்து அளந்தால் நீட்சி முழுவதும் தூரக் காலில் போய்ச் சேரும். பட்டையின் நட்ட நடுவில், நீள ஓரத்தில், ஒரு சிறு அரைவட்டக் குழிவு அதே டையில் வெட்டப்பட்டது. வரிசையில் ஒரு கூம்பு ஊசி அதில் வந்து அமரும். இப்போது துளைகள் குறிப்புப் புள்ளியிலிருந்து 40, 40. பழைய குறுக்குப் பட்டையே ஓடினாலும் பிழை 0.12 மி.மீ.தான். இந்த ஒரு மாற்றமே அடைப்பை நிறுத்தப் போதும். ஆனால் முனை எழும் புகாரை இது தொடாது. ஆகவே இரண்டும் செய்யப்பட்டன.

அதன்பின் வளைப்புத் திருகில் பூட்டுக்கொட்டை போட்டு, பெயின்ட் கோடு இழுத்தாகிவிட்டது. காலையில் அதைத் தொட யாருக்கும் தேவையில்லை.

சேமிப்பில் ஒரு விதி சேர்ந்தது. டை அறையிலிருந்து வரும் பட்டைகளை நெகிழித் தாளில் சுற்றியே வைக்க வேண்டும். ஓட்டுவதற்குச் சற்று முன்பு மட்டும் பிரிக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. இங்கே காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். 22 பாகைக் குளிர் அறையிலிருந்து வந்த பட்டைக் கட்டினை உடனே பிரித்தால், குளிர்ந்த போத்தல் போல அட்டையின் மேல் வியர்க்கும். சுற்றோடு கூடத்தின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கூடைக்குச் சில மணி நேரம், முழுப் பாலேட்டுக்கு ஒருநாளுக்குக் குறையாது. சிங்கப்பூரில் பள்ளிகள் ஜனவரியில் திறக்கின்றன; பள்ளிக்கோப்பு ஆர்டர்கள் குவிவது நவம்பரிலும் டிசம்பரிலும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டமும் அதே சமயம்தான். அவசரம் அதிகமான மாதங்களில்தான் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க ஆசை வரும்.

தாள் வாங்கும் படிவத்தில் இனி 'கிரெய்ன் 787 பக்கம்' என்று வார்த்தையிலேயே எழுத வேண்டும். அளவு மட்டும் எழுதி, நீள கிரெய்ன் தாள் வந்து சேர்ந்தால் எல்லா அட்டையின் முதுகும் கிரெய்னுக்குக் குறுக்கே மடியும். மடிப்புக்கோட்டில் மேற்பரப்பு வெடிக்கும்.

அடைப்பு அடிக்கடி வந்த நாள்களில் இன்னொரு பழக்கமும் ஊன்றிவிட்டது: பாதுகாப்பு மூடியைத் திறந்து, விரலாலேயே துண்டை இழுப்பது. மூடி திறந்தால் இயக்கம் துண்டிக்கப்படுகிறது என்றாலும் காற்று உருளைகளில் அழுத்தம் மிச்சம் இருக்கும். வளைப்பு அச்சு ஒரு தடவை இறங்கினால் போதும், விரல் போய்விடும். 2006 முதல் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் இப்படிப்பட்ட அபாயத்தை மதிப்பிட்டுத் தடுப்பது முதலாளியின் பொறுப்பு. மூடி திறந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு பொருத்தப்பட்டது. பக்கத்தில் நீண்ட இடுக்கி ஒன்று சங்கிலியில் தொங்குகிறது. சங்கிலி எதற்கு என்று கேட்க வேண்டாம், முதல் இரண்டு இடுக்கிகளும் காணாமல் போய்விட்டன.

மிச்சம் இருப்பவை

தூரக் கால் டின் இப்போது நாள்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. வரும் நிறுத்தங்கள் வேறு வகை. வெட்டுக் கத்தி மழுங்கினால் காலின் நுனியில் பிசிறு நிற்கும். அப்போது இரண்டு டின்னிலும் சமமாக விழும், அதுவே கத்தி தீட்டச் சொல்லும் அடையாளம். பசை முனை சாப்பாட்டு நேரத்தில் காய்ந்துபோகும். ஈரத்துணி மூடி போட்டால் தீரும்.

புது அமைப்பு ஒன்றைப் பறித்துக்கொண்டது: உபரிப் பட்டை. முன்பு நான்குக்கு ஒன்பது. இப்போது நான்குக்கு நான்கே. இயந்திரத்தைச் சரிசெய்யும் தொடக்க ஓட்டத்தில் பட்டை ஒன்று கெட்டால் அட்டை ஒன்று துணையில்லாமல் நிற்கும். அதற்காகத் தனித்தாளில் பட்டை மட்டும் வெட்டுகிறார்கள். 787 வாக்கில் இரண்டு, 1092 வாக்கில் முப்பது, தாளுக்கு 60. நூற்றுக்கு இரண்டு பட்டை கெடும் என்று வைத்தால், 3,000 கோப்புக்கான 750 தாளுக்கு ஒரு தாள் போதும். அந்த ஒரு தாளுக்காகப் பெரிய டை போடுவது கட்டுப்படியாகாது. கில்லட்டின் எனும் தாள் வெட்டும் இயந்திரத்தில் பட்டையாக அறுத்து, துளைகளையும் நடுக்குழிவையும் ஒரே அடியில் குத்தும் கைப்பிடி அச்சு ஒன்று மூலையில் வைத்திருக்கிறார்கள். அந்த அச்சின் தட்டில் தாள் வைக்கும் திசையைக் காட்ட ஒரு சிவப்பு அம்பு. அதன் கீழே தமிழில், 'கிரெய்ன் இந்தப் பக்கம்'.